ஒரு கையை வீசாமல் நடந்தவர்

1

ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் நான் வேளாண்மை கற்பிக்கிறேன். பயிரை எப்படி வளர்ப்பது என்பது என் பாடமல்ல. பயிரை வளர்ப்பதால் மண்ணுக்கும் நீருக்கும் காற்றுக்கும் என்ன நேர்கிறது என்பதுதான் என் பாடம். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் குளிர்காலப் பருவம் தொடங்கும்போது, புதிய மாணவர்களிடம் என் ஊர் உத்திரமேரூர்ப் பக்கம் என்று சொல்வேன். வரைபடத்தில் சென்னைக்குக் கீழே விரலை வைத்துக் காட்டுவேன். அவர்கள் தலையாட்டுவார்கள். அதோடு ஊர்ப் பேச்சு முடிந்துவிடும்.

போன நவம்பரில் அப்படி முடியவில்லை.

பூச்சிக்கொல்லி பற்றிய பாடத்தில் வழக்கமாக நான் காட்டும் படங்கள் ஆறு, மீன், தேனீ, மண்புழு. தெளிக்கிற மனிதன் கடைசிப் படத்தில் ஓர் ஓரமாக வருவான். களத்தில் இருப்பவர்களின் குரலையும் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள் என்று துறையில் சொல்லியிருந்தார்கள். எனக்குத் தெரிந்த களத்து மனிதர் ஒருவர்தான். என் அண்ணன் மரியதாஸ்.

எங்களுக்கு நிலம் கிடையாது. எங்கள் காலனியில் யாருக்குமே கிடையாது. அண்ணன் பதினைந்து வயதிலிருந்து மற்றவர்கள் நிலத்தில் கூலிக்கு மருந்து அடிக்கிறார். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று எந்தப் போகமானாலும் முதுகில் டேங்க் இருக்கும். கைப்பம்பு போய் பேட்டரி ஸ்ப்ரேயர் வந்தது மட்டும்தான் அவர் வேலையில் நடந்த மாற்றம். உதவித்தொகையில் விவசாயக் கல்லூரிக்கு நான் போனேன். அங்கிருந்து இங்கே வந்தேன்.

போனில் கேட்டபோது அண்ணன் சிரிக்கவில்லை.

"வெள்ளக்காரப் புள்ளைங்களுக்கு நான் இன்னா சொல்றது?"

"நீ இன்னா பண்றியோ அத சொன்னா போதும்ணா. நான் மாத்திச் சொல்லிக்கிறேன்."

"சரி பாப்பா."

அவ்வளவுதான் பேசினார். எனக்கு அது வழக்கமாகிப் போயிருந்தது. இரண்டு ஆண்டுகளாகவே ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அவர் முகம் கல்லைப் போலத்தான் இருந்தது. நான் எதைச் சொன்னாலும் அதில் ஒரு சுருக்கம்கூட விழாது. காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அம்மா இறந்தபோது நான் ஊருக்குப் போகவில்லை. குடியுரிமை மாறிக்கொண்டிருந்த நேரம் அது. பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்தாயிற்று, புதியது வந்துவிட்டது, இந்தியாவுக்குள் நுழையும் அனுமதிதான் வரவில்லை. என் சொந்த ஊருக்குப் போக நான் விசா கேட்டு நின்றேன். தூதரக அலுவலகத்திலிருந்து, உறவு முறையை நிரூபிக்கும் சான்றிதழில் தாயின் பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கிறது, விளக்கவும் என்று பதில் வந்தது. ஒன்றில் ஞானம்மாள், இன்னொன்றில் ஞானம்மா. நான் விளக்கி முடிப்பதற்குள் அம்மாவை அடக்கம் செய்துவிட்டார்கள்.

அந்தக் கோபத்தைத்தான் அண்ணன் முகத்தில் வைத்திருக்கிறார் என்று நம்பினேன். நியாயமான கோபம் என்றும் நினைத்தேன்.

2

வகுப்பு நடந்தபோது எங்களுக்குக் காலை, அங்கே மதியம். முந்தின நாள் மழை விட்டிருந்தது. அண்ணன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வரப்பில் நின்றிருந்தார். அண்ணி லூர்து போனைப் பிடித்திருந்தார். பெரிய திரையில் அண்ணன் தலை முதல் கால் வரை தெரிந்தார். இத்தனை ஆண்டுகளில் அவரை அப்படிப் பார்த்தது அன்றுதான்.

மாணவர்கள் கேட்டார்கள், அண்ணன் சொன்னார், நான் ஆங்கிலத்தில் மாற்றினேன்.

"நேத்து மழ. அதுக்கு முந்தின நாள் மருந்து அடிச்சேன். குருத்துப்பூச்சி வுயுந்துகினு கீது."

யோசிக்காமல், மருந்து என்பதற்கு நோயாளிக்குக் கொடுக்கும் மருந்துக்கான ஆங்கிலச் சொல்லையே சொல்லிவிட்டேன். பின்வரிசையில் ஒருவன் கையைத் தூக்கினான். பயிருக்கு மருத்துவமா, இவர் இயற்கை விவசாயியா என்று கேட்டான். சிலர் சிரித்தார்கள். நான் திருத்தினேன். பூச்சிக்கொல்லியை எங்கள் ஊரில் மருந்து என்றுதான் சொல்வார்கள் என்றேன். பதினெட்டு ஆண்டுகளாக இதையே கற்பிக்கும் எனக்கு, அந்தச் சொல்லை வாயில் வைத்துப் பார்க்க அன்றுதான் தோன்றியது.

முகக்கவசம் அணிவாரா என்று ஒரு பெண் கேட்டாள்.

"துண்ட கட்டிப்பேன். வேர்வ வந்தா மூச்சு முட்டும், அவுத்துடுவேன்."

எந்த மருந்து என்பதை யார் முடிவு செய்வது?

"நெலத்துக்காரரு கடையில சொல்லுவாரு. கடைக்காரரு குடுப்பாரு. நான் கலந்து அடிப்பேன். டப்பா எதுவும் என்கிட்ட இருக்காது."

நடந்துகொண்டே தெளிப்பதைக் காட்டச் சொன்னார்கள். டேங்கில் வெறும் தண்ணீர் ஊற்றி, முதுகில் மாட்டிக்கொண்டு, வரப்பில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார். மாணவர்கள் கைதட்டினார்கள். அண்ணன் எந்த உணர்ச்சியும் இல்லாமல் திரையைப் பார்த்தபடி நின்றார். கைதட்டல்கூட இவரை இளக்கவில்லையே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது.

3

வகுப்பு கலைந்ததும் லேனா என்ற மாணவி போகாமல் நின்றாள். அதிகம் பேசாதவள். வடக்கே உருளைக்கிழங்கு பயிரிடும் குடும்பத்துப் பெண் என்று மட்டும் தெரியும். பையைத் தோளில் மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். பிறகு கேட்டாள்.

"உங்கள் அண்ணன் மருத்துவரைப் பார்க்கிறாரா?"

எதற்கு என்றேன்.

"இடது கையில் தெளிக்கும் குழாய் இல்லை, சும்மாதான் இருந்தது. ஆனால் நடக்கும்போது அந்தக் கை வீசவே இல்லை. திரும்பும்போது சட்டென்று திரும்பாமல் சின்னச் சின்னதாகக் காலை எடுத்து வைத்தார். முகமும் அப்படித்தான். என் அப்பாவும் அப்படித்தான் ஆரம்பித்தார். எங்களுக்குப் புரிய மூன்று வருடம் ஆயிற்று. அவர் எங்கள் மேல் வெறுப்பாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்."

அவள் அப்பாவுக்குப் பார்க்கின்சன் என்ற நடுக்குவாத நோய். அதிகம் தெளித்த விவசாயிகளுக்கு இந்த நோய் வந்தால் இந்த நாட்டில் இப்போது அதைத் தொழில்நோயாக ஏற்கிறார்கள். அந்தச் செய்தியை நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். காரணங்கள், ஆதாரத்தின் வலிமை, விவாதங்கள் எல்லாம் என் பாடத்தில் இருக்கின்றன. தேர்வில் கேள்வியாகவும் கேட்டிருக்கிறேன். லேனா நன்றாக எழுதியிருந்தாள்.

அவள் போன பிறகு வகுப்பின் பதிவை ஓட்டிப் பார்த்தேன். அண்ணன் நடக்கிற இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இடது கை உடம்போடு ஒட்டித் தொங்கியது. வேறு யாருடைய கையோ போல இருந்தது. இரண்டு ஆண்டுகள் நான் கோபம் என்று படித்த முகத்தைத் திரையில் நிறுத்தினேன். அதில் கோபம் இல்லை. அதில் எதுவுமே எழும்ப முடியவில்லை.

4

அண்ணியைப் போனில் தனியாக அழைத்தேன்.

"கை நடுங்குதா அண்ணி?"

அவர் எல்லாவற்றையும் கொட்டினார்.

"ஒரு வருஷத்துக்கு மேல கீது மேரி. சட்ட பட்டன் நான்தான் போட்டு வுடறேன். செருப்பு கயண்டு வுயுந்தாலும் தெரில, நடந்துகினே கீறாரு. சோறு துன்ன ஒரு மணி நேரம் ஆவுது. காலனில இன்னா சொல்றாங்க தெரிமா? குடிச்சிட்டு ஆடறான்னு சொல்றாங்க. பேங்க்ல கையெயுத்து சேரலன்னு தொரத்திட்டாங்க. போதையில வந்தியான்னு கேட்டானாம். ஊட்டுக்கு வந்து செவுத்த பாத்துகினு குந்திட்டாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? நானே குடிக்கிறாருன்னுதான் நெனச்சேன். அவரு வாய மோந்து பாத்திருக்கேன் மேரி. சண்ட போட்டிருக்கேன். அவரு ஒண்ணுமே சொல்லல. வாய தொறக்கல."

அண்ணன் தன் வாழ்நாளில் குடித்தவரல்ல.

மாவட்டத்து அரசு மருத்துவமனை, அங்கிருந்து சென்னை. மூன்று முறை அலைந்தார்கள். ஒவ்வொரு முறையும் நான் போனில் இருந்தேன். இளம் டாக்டர், பொறுமையானவர். விரலைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், எழுதச் சொன்னார். பார்க்கின்சன்தான் என்றார். என்ன வேலை என்று கேட்டு, சீட்டில் கூலி என்று எழுதிக்கொண்டார்.

போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி நான் கேட்டேன். "டாக்டர், முப்பது வருஷத்துக்கு மேல பூச்சிமருந்து அடிக்கிறாரு. அதனால வந்ததுன்னு எழுதித் தர முடியுமா?"

"இருக்கலாம் மேடம். இல்லாமலும் இருக்கலாம். என்ன கெமிக்கல், எவ்வளவு, எத்தனை வருஷம், ஏதாவது ரெக்கார்டு இருக்கா?"

இல்லை. அண்ணன் எதையும் வாங்கியதில்லை. வாங்கியவர்கள் நிலத்துக்காரர்கள், அவர்களும் போகத்துக்கு ஒருவர். வெறும் டப்பாக்கள் வாய்க்கால் ஓரத்தில் கிடந்து மண்ணாகிவிட்டன. லேனாவின் அப்பாவிடம் தன் தோட்டத்துக்கு வாங்கிய எல்லாவற்றுக்கும் சான்று இருந்தது. இருந்தும் அவர் காப்பீட்டு அலுவலகத்தோடு நெடுநாள் மல்லுக்கட்டினார் என்று அவள் சொன்னாள். அண்ணனுக்கு மல்லுக்கட்ட எதிரில் ஒருவரும் இல்லை. யாருடைய பெயரையும் எழுத முடியாது. அவர் உடம்பைக் கெடுத்தது ஊரே கூடித்தான்.

5

அந்த நாட்களில் வீட்டிலும் என் முகம் சரியாக இருந்திருக்காது. என் மகள் நிலாவுக்குப் பதினாறு வயது, இங்கேயே பிறந்தவள். சாப்பாட்டு மேசையில் கேட்டாள்.

"உன் அண்ணனுக்கு என்ன ஆச்சு?"

சின்ன வயதில் மாமா என்றுதான் சொல்வாள். எப்போது உன் அண்ணன் ஆனார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் கவனிக்கவில்லை.

சொன்னேன். பாதி தமிழில், பாதி ஜெர்மனில். அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அது நீ டீச் பண்றதுதானே? அப்போ அவன் ஏன் நிறுத்தல?"

"அவர்னு சொல்லணும். மாமாவ அவன்னு சொல்லக் கூடாது."

"சாரி. அவர் ஏன் நிறுத்தல?"

இலக்கணத்தைத் திருத்த எனக்குத் தெரிந்தது. இன்னொரு வேலை கிடைக்காது என்றேன். அங்கே கிடைப்பது எல்லாமே இப்படித்தான் என்றேன். அவள் தலையாட்டினாள். என் மாணவர்கள் வரைபடத்தைப் பார்த்துத் தலையாட்டுவது போலவே இருந்தது. பிறகு போனை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போய்விட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் தோழிகளோடு பருவநிலைக்கான ஊர்வலத்துக்குப் போனாள். அட்டையில் பூமியை வரைந்திருந்தாள், அழகாகவே வரைந்திருந்தாள். நான் வாசலில் நின்று, குல்லாவைக் காதுக்குக் கீழே இழுத்து விட்டு அனுப்பினேன்.

6

பிப்ரவரியில் பருவம் முடிந்ததும் ஊருக்குப் போனேன். இம்முறை அனுமதி கையில் இருந்தது. நிலாவுக்குப் பள்ளி இருந்தது, வரவில்லை.

அண்ணன் பேருந்து நிறுத்தத்துக்கு வந்திருந்தார். நான் அழுதேன். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் என் பெட்டியை இழுத்த கை விடவே இல்லை.

"இன்னாத்துக்கு அழுவற? நல்லாத்தான கீறேன்."

உண்மையிலேயே முன்னைவிட நன்றாக இருந்தார். மாத்திரை வேலை செய்தது. போட்டு முக்கால் மணி நேரத்தில் உடம்பு இளகும். நாலு மணி நேரம் அப்படியே நிற்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். அந்த நேரம் அடுத்த மாத்திரை.

இரண்டாம் நாள் காஞ்சிபுரத்தில் மாற்றுத்திறனாளிகள் முகாமுக்குப் போனோம். அட்டை கிடைத்தால் மாதாமாதம் கொஞ்சம் உதவித்தொகை வரும். வரிசையில் நின்று எங்கள் முறை வந்தபோது மாத்திரை நல்ல வேகத்தில் இருந்தது. கையை நீட்டச் சொன்னார்கள், நீட்டினார். நடக்கச் சொன்னார்கள், நடந்தார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் சீட்டைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

"நல்லா இருக்காரே."

மாத்திரையால் என்றேன். இன்னும் இரண்டு மணி நேரம் காத்திருந்தால் பார்க்கலாம் என்றேன்.

"அப்ப அடுத்த முகாமுக்கு மாத்திர போடாம கூட்டியாங்க மேடம். எங்களுக்கும் பாத்துதான் எழுதணும்."

அவர் கெட்டவரல்ல. வெளியே மரத்தடியில் வந்து உட்கார்ந்தோம். அண்ணி அழுதார். அண்ணன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆட வேண்டிய நேரத்துல ஆட மாட்டன்னுது பாரு" என்றார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன். முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. குரலில் கொஞ்சம் இருந்தது.

7

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் எழுந்தபோது அண்ணன் வீட்டில் இல்லை. அண்ணி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை.

"அண்ணன் எங்க?"

"நாஷ்டா துன்னு மொதல்ல."

"எங்க அண்ணி?"

"உன்கிட்ட சொல்ல வாணாம்னாரு. மாத்திர போட்டுகினா கை நிக்குதில்ல. அந்த நேரத்துக்கு டேங்க்க தூக்கினு பூட்றாரு. ஆஸ்பத்திரி போய்ட்டு வந்த மறுவாரத்துலேர்ந்து இப்டித்தான். காலைல ஒண்ணு போட்டுக்கறாரு, அது எறங்கறதுக்குள்ள அடிச்சி முடிச்சிட்டு வந்துடறாரு."

செருப்பை மாட்டிக்கொண்டு ஏரிப் பக்கம் நடந்தேன். நானும் லேனாவும் அந்த டாக்டரும் சேர்ந்து அவருக்குக் கொடுத்தது நாலு மணி நேரம். அதை அவர் எடுத்துப்போய் அதே இடத்தில் போடுகிறார்.

ஏரிக்குக் கீழே நவரைப் பயிர் முழங்கால் உயரம் நின்றது. அண்ணன் வாய்க்கால் ஓரத்தில் டேங்கைக் கீழே வைத்துக் குந்தியிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு மறுபடி டேங்கைப் பார்த்தார்.

"ண்ணா, இன்னா பண்ற?"

"பாத்தா தெரில?"

"இதனாலதான் வந்துதுன்னு சொன்னேன் இல்ல? எத்தினி வாட்டி சொன்னேன்?"

"சொன்ன. நீ படிச்சவ, சரியாத்தான் சொல்லுவ. நான் இல்லன்னு சொன்னனா?"

"அப்பால ஏன்?"

அவர் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டார். நோயினால் அந்த நேரம் என்று இப்போது எனக்குத் தெரியும்.

"இப்ப ட்ரோன் வந்துகீது பாப்பா. போன்ல கூப்ட்டா வந்து பத்து நிமிஷத்துல அடிச்சிட்டு பூட்றான். ஒரு போகம் நான் வரலன்னா அதத்தான் கூப்டுவாங்க. அப்பால என்ன எவன் கூப்டுவான்?"

"நான் அனுப்பறேன் இல்ல? வூட்ல இருந்தா போதாதா?"

"அனுப்பற. துன்றோம். நான் வாணாம்னு சொல்லல." கையை முன்னே நீட்டிக் காட்டினார். அது அசையாமல் நின்றது. "நாலு மணி நேரம் இது என் கை. மீதி நேரமெல்லாம் லூர்துதான் என்ன தூக்கி வச்சி எறக்கி வச்சி பாக்குது. இந்த நாலு மணி நேரத்தையும் வூட்ல குந்திகினு செவுத்த பாக்கச் சொல்றியா? எனக்கு வேற இன்னா வேல தெரியும்? நீயே சொல்லு, செய்யறேன்."

நிலைத்த வேளாண்மை பற்றி ஒரு பருவம் முழுக்கப் பேச எனக்குத் தெரியும். இன்று காலை பத்து மணிக்கு என் அண்ணன் வேறு என்ன வேலைக்குப் போகலாம் என்று சொல்லத் தெரியவில்லை. நூறு நாள் வேலை அப்போது நடக்கவில்லை. செங்கல் சூளைக்கு அந்த உடம்பு தாங்காது. வாலாஜாபாத்தில் அரிசி மில்லில் மூட்டை தூக்க முடியாது. ஒவ்வொன்றாக மனதுக்குள் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன். அவர் காத்திருந்தார், நான் ஏதாவது சொல்லுவேன் என்று மெய்யாகவே காத்திருந்தார்.

பிறகு டேங்கின் மூடியை எடுத்து வைத்துத் திருகினார். கை நடுங்கவில்லை. ஆனால் விரல்களுக்குப் பிடி இல்லை. மரை ஏறாமல் மூடி கோணலாக நின்றது. எடுத்து மறுபடி வைத்தார், மறுபடி கோணியது. அப்படியே டேங்கைத் தூக்கப் போனார். தூக்கியிருந்தால் குனியும்போதெல்லாம் உள்ளே இருப்பது அவர் முதுகில் வழிந்திருக்கும். சட்டையின் பின்புறம் அப்போதே ஒரு பழைய கறை இருந்தது.

"இரு" என்றேன்.

குந்தி உட்கார்ந்து, மூடியை எடுத்து, நேராக வைத்து, இறுகத் திருகிக் கொடுத்தேன். வாடை மூக்கில் ஏறியது. என் துப்பட்டாவை எடுத்து அவர் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டினேன். அவர் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். பட்டைகளைத் தோளில் மாட்டிவிட்டேன். பயிருக்குள் இறங்கினார். இடது கை தொங்கியபடியே போயிற்று.

காற்று ஏரிப் பக்கத்திலிருந்து வந்தது, அவர் அதற்கு எதிராகப் போய்க்கொண்டிருந்தார்.

"ண்ணா, அந்தக் கோடிலேர்ந்து ஆரம்பி. காத்து உனக்குப் பின்னால இருக்கணும்."

அவர் சின்னச் சின்ன அடிகளாகத் திரும்பினார். அந்தக் கோடிக்கு நடந்தார்.